சனிக்கிழமைச் சுத்தக்காரர்

மனிதர்களில் சுத்தக்காரர் என்று ஓர் இனம் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது கடினமில்லை. துடைத்த மேசையை இன்னொரு முறை துடைப்பார், நீங்கள் பாதி குடித்த தேநீர்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "குடிச்சு முடிஞ்சுதுதானே?" என்று கேட்பார், ஒரு பொருள் தன் பாட்டில் நன்றாக இருந்தால் அவருக்கு நித்திரை வராது.

இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க விரும்புகிறவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வரலாம். ஜெம்பட்டா வீதிக்குப் பின்னால் ஒரு மாடிவீட்டில், துறைமுகக் களஞ்சியத்தில் முப்பத்துநாலு வருடம் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற கிளெமென்ற் இருக்கிறார். அவருடைய மனைவி புளோறன்ஸ் இருக்கிறார். முன்னறையில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் தங்கமீன்கள் சில கிழமை இருக்கும், சில கிழமை இருக்காது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளெமென்ற் அரைக்காற்சட்டையும் பெனியனுமாகப் புறப்படுவார். மீன்களைப் பேசினுக்கு மாற்றி, தொட்டித் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை வெளியே ஊற்றி, கூழாங்கற்களைக் கொதிநீரில் போட்டு ஆட்டிறைச்சி அவிப்பதுபோல் அவித்து, வடிகட்டியின் பஞ்சைச் சவர்க்காரம் போட்டுப் பிழிந்து, பிளாஸ்டிக் செடியைப் பழைய பல்தூரிகையால் இலை இலையாகத் தேய்த்து, பைப் தண்ணீரை நேரே தொட்டிக்குள் விட்டு, மீன்களைத் தூக்கிப் போட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார்.

"இப்ப பார் புளோறன்ஸ்! கண்ணாடி மாதிரி இருக்கு!"

இருக்கத்தான் செய்யும். மீன்கள் மட்டும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். "புதுத் தண்ணியெல்லோ, கூச்சப்படுதுகள்" என்பார். செவ்வாய்க்கிழமை ஒன்று மிதக்கும். வியாழக்கிழமை மற்றது. காரணங்களுக்கு அவரிடம் பஞ்சமில்லை. கடைக்காரன் நோய்பிடித்த மீனைத் தலையில் கட்டிவிட்டான். எதிர்வீட்டுப் பிறிஜெற்றின் கண் சரியில்லை. துறைமுகப் பக்கத்துக் காற்று கூடாது. தண்ணீரை மட்டும் ஒருநாளும் அவர் சந்தேகித்ததில்லை. அவ்வளவு சுத்தமான தண்ணீரை யார்தான் சந்தேகிப்பார்?

மட்டக்குளியில் மீன் கடை வைத்திருக்கும் ரிம்ஸான் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டான்.

"அங்கிள், முழுத் தண்ணியையும் மாத்த வாணாம். கெழமைக்குக் கால்வாசி போதும். பைப் தண்ணிய ஒரு நாள் வாளியில வெச்சி, குளோரின் போன பொறகு ஊத்துங்க. பஞ்ச சோப் போடாம தொட்டித் தண்ணியிலயே அலசுங்க. மீன்ட ஊத்தையத் திங்கிற நல்ல கிருமி அதுலதான் ஈக்கி."

கிளெமென்ற் சிரித்தார். "நல்ல கிருமியோ! தம்பி, நான் முப்பத்துநாலு வருஷம் ஹாபர்ல இருந்தனான். எத்தினை கப்பல் பாத்திருப்பன்! கிருமியில என்ன நல்லது கெட்டது?"

கப்பலுக்கும் கிருமிக்கும் என்ன சம்பந்தம் என்று ரிம்ஸான் கேட்கவில்லை. இவ்வளவு ஒழுங்காக வந்து மீன் வாங்குகிறவரோடு எந்தக் கடைக்காரன் வாதாடுவான்? பக்கத்தில் நின்ற புளோறன்ஸ் மட்டும் ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டார்.

அன்று வாங்கிவந்த மீனுக்கு நெற்றியில் ஒரு கறுப்புப் புள்ளி. புளோறன்ஸ் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்தார். அங்கேதான் வினை தொடங்கியது. பெயரில்லாத மீன் செத்தால் வேறொன்று வாங்கலாம். பொட்டு செத்தால்? விரலைத் தண்ணீரில் வைத்தால் வந்து முட்டும். அவர் முன்னறைக்கு வந்தாலே கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வாலை ஆட்டும். மெல்பேர்னில் இருக்கும் மகள் றேணுகா கிழமைக்கு ஒருதரம் "எப்படி மம்மி?" என்று கேட்பாள். பொட்டு ஒரு நாளைக்குப் பத்துத்தரம் கேட்டது.

முதற் சனிக்கிழமை அது பிழைத்ததே பெரிய காரியம். மூன்று நாள் ஒருபக்கமாய்ச் சரிந்து நீந்தியது. புளோறன்ஸ் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்று அழுதார்.

"இஞ்சருங்கோ, இந்தக் கிழமை கழுவாமல் விடுங்கோவன்."

"விடுறதோ? அந்த ஊத்தைக்குள்ளயோ அது சீவிக்கிறது?"

வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் புளோறன்ஸ் பங்குச் சுவாமியைத் தேடிப் போனார். "பாதர், பீடத்து மெழுகுதிரித் தண்டெல்லாம் கறுத்துப்போச்சு. எங்கட வீட்டுக்காரர் தேய்ச்சா தங்கம் மாதிரி வரும். சனிக்கிழமை காலமை எண்டா அவருக்கு வசதி." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

மறுநாள் விடிய சுவாமியே தொலைபேசியில் கூப்பிட்டார். "மிஸ்டர் கிளெமென்ற், இந்த வேலைக்கு உங்களை விட்டா ஆளில்ல."

பல்தூரிகையோடு கிளெமென்ற் படியிறங்கியதும் புளோறன்ஸ் கதவைச் சாத்தினார். கட்டிலுக்கடியில் ஒரு நாளாக ஒளித்து வைத்திருந்த வாளித் தண்ணீரை இழுத்தார். தொட்டியில் கால்வாசியை எடுத்து, அந்தத் தண்ணீரிலேயே பஞ்சை அலசி, வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினார். சனிக்குச் சனி இதுவே நடந்தது. கற்களில் இளம்பச்சைப் பாசி படர்ந்தது. தண்ணீரின் பளபளப்புக் கொஞ்சம் குறைந்தது. பொட்டின் பளபளப்புக் கூடியது.

நாலாம் கிழமை கிளெமென்ற் தொட்டியை உற்றுப் பார்த்தார். புளோறன்ஸ் மெல்லப் போய்க் கட்டிலறைக் கதவைச் சாத்தினார்.

"பாத்தியா? ஒரு மாசமாக் கைவைக்கேல்ல, ஒரு குறையுமில்ல. அண்டைக்கு நான் கழுவின கழுவு அப்பிடி!"

"ஓம்" என்றார் புளோறன்ஸ். வேறென்ன சொல்வது?

கோயிலில்தான் நிலைமை மோசமானது. பித்தளை முடிந்துபோயிற்று. கிளெமென்றின் கண் பீடத்தருகே நின்ற பழைய மரச் சம்மனசில், அந்தத் தேவதூதர் சிலையில், விழுந்தது. பல வருடத்து மெழுகுதிரிப் புகை அந்தச் சிறகுக்காரரின் முகத்தில் படிந்திருந்தது. மூன்று சனிக்கிழமை தேய்த்தார். முதலில் புகை போயிற்று. பிறகு கன்னத்துச் சிவப்புப் போயிற்று. பிறகு புருவம்.

அடுத்த ஞாயிறு சுவாமி வீட்டுக்கே வந்துவிட்டார். புளோறன்ஸ் தேநீர்த் தட்டை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். இனிக் கோயிலுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டால், வருகிற சனி ஏழு மணிக்குக் கொதிநீர்ப் பானை அடுப்பில் ஏறிவிடும். இன்னொரு கழுவலைப் பொட்டு தாங்காது.

சுவாமி தேநீரை ஊதி ஊதிக் குடித்தார். தொட்டியைப் பார்த்தார். கட்டிலறைக் கதவிடுக்கில் தெரிந்த வாளியைப் பார்த்தார். புளோறன்ஸின் முகத்தையும் பார்த்தார்.

"மிஸ்டர் கிளெமென்ற், உங்களை நாங்கள் மட்டும் வைச்சிருக்கிறது நியாயமில்ல. ஹெந்தளைப் பக்கம் ஒரு சின்னக் கோயில், முற்றமெல்லாம் ஒரே பாசி. சனிக்கிழமையில நீங்கள் போனாத்தான் சரிவரும். சிலை ஒண்டும் அங்க இல்ல." கடைசி வசனத்தை ஏனோ இரண்டுதரம் சொன்னார்.

கிளெமென்ற் மார்பை நிமிர்த்திக்கொண்டு வாசல்வரை போய்ச் சுவாமியை வழியனுப்பினார். புளோறன்ஸ் தொட்டிக்குள் விரலை வைத்தார். பொட்டு வந்து முட்டியது.

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் ஒன்று கேட்கட்டுமா? "இந்த வேலைக்கு உங்களை விட்டா ஆளில்ல" என்று சொல்லி, கிழமை தவறாமல் உங்களை யாராவது எங்கேயாவது அனுப்பி வைக்கிறார்களா? நல்லது, போய்வாருங்கள். திரும்பி வந்ததும் கட்டிலுக்கடியில் மட்டும் ஒருதரம் குனிந்து பாருங்கள், வாளி ஏதும் இருக்கிறதா என்று.