பிச்சாயியின் பதினொரு வாரக் குற்றங்கள்

விளம்பி வருஷம் கார்த்திகை மாதம் 12-ம் தேதி, வியாழக்கிழமை
மேலக்கொல்லைப்பட்டி, இலுப்பூர் வழி,
குளத்தூர் தாலுகா, திருச்சி ஜில்லா

மகாராஜராஜஸ்ரீ ஹெட்மாஸ்டர் ஆத்மநாதன் ஐயா அவர்கள் சமூகத்துக்கு, ஆறாம் வகுப்பு பிச்சாயியின் தகப்பன் நல்லதம்பி கும்பிட்டு எழுதிக்கொண்டது.

தாங்களும் தங்கள் வீட்டிலுள்ள பெரியவர்களும் குழந்தைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க விராலிமலை முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் என் சம்சாரம் செவந்தியும் இரண்டு மாடும் ஒரு கன்றுக்குட்டியும் சௌக்கியம். பிச்சாயி எப்படி இருக்கிறாள் என்பதை இந்த இடத்தில் எழுதக் கை வரவில்லை. அதை எழுதத்தான் இந்தக் கடிதமே என்றாலும், அதற்குக் கொஞ்சம் தைரியம் சேர வேண்டியிருக்கிறது. அதுவரை நடந்ததைச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பாதி தங்களுக்குத் தெரிந்ததுதான். என் பக்கத்துப் பாதி தெரியாது.

ஆடிக் கடைசியில், ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரையெல்லாம் வரச்சொல்லி, நன்னடத்தை விதிகள் என்று ஒரு தாளை வாசித்தீர்கள். முதல் மணிக்கு முன்னால் வர வேண்டும், நகம் வெட்டியிருக்க வேண்டும், அனுமதி கேட்டுத்தான் உள்ளே வரவும் வெளியே போகவும் வேண்டும், உண்மையே பேச வேண்டும், அடுத்தவர் பென்சிலைத் தொடக் கூடாது என்று பன்னிரண்டு விதி. ஒழுங்காக நடந்த வாரத்துக்கு ஒரு பச்சை முத்திரை, பத்து முத்திரை சேர்த்த பிள்ளைகளுக்குக் கொடும்பாளூர் மூவர் கோயிலுக்கு பஸ்ஸில் உல்லாசப் பயணம் என்று சொன்னபோது, பின்னால் நின்ற தகப்பன்மாரில் பாதிப்பேர் நாமும் ஆறாம் வகுப்பில் சேரலாமா என்று யோசித்தோம். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய கொடும்பாளூரை நான் இன்றைக்கு வரை பார்த்ததில்லை. தீபாவளிக்குள் ஒரு முத்திரைகூட வாங்காத பிள்ளைக்கு டி.சி. கிழித்துக் கொடுத்துவிடுவோம் என்றும் சொன்னீர்கள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பட்டி உடையப்பன் மகனுக்காகச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

விதிகள் வீட்டுக்கு வந்து சேர்ந்த மறுநாளே மழை. பிச்சாயி வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டிருக்கிறாள். நான் கொல்லையில் இருந்தேன், செவந்தி உரலில் மாவு இடித்துக்கொண்டிருந்தாள், இரண்டு பேர் காதிலும் விழவில்லை. அனுமதி கிடைக்காததால் மழை விடும்வரை வெளியிலேயே நின்றுவிட்டாள். அடுத்த வாரம் அன்னவாசல் ஆள் ஒருவர் கன்றுக்குட்டி வாங்க வந்தார். பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார், முழுத் திருப்தி. போகிற போக்கில் பிச்சாயியிடம், கன்று எப்படிம்மா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டார். இவள் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்று, நல்ல கன்றுதான், ஆனால் முட்டும், நேற்று அப்பாவையே முட்டியது, அதனால்தான் விற்கிறார் என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். மேலே சௌக்கியம் என்று எழுதியிருக்கிறேனே, அந்தக் கன்றுக்குட்டிதான் இது.

இதெல்லாம் போகட்டும். வினை வந்தது தாங்கள் கொடுத்த நீல அட்டைக் குறிப்பேட்டில். இடது பக்கம் பள்ளிக்கூட நடத்தையை பிரகதாம்பாள் டீச்சர் எழுதுவார்கள், வலது பக்கம் வீட்டு நடத்தையை வாராவாரம் தகப்பன் எழுத வேண்டும் என்றீர்கள். எங்கள் பட்டியில் கைநாட்டுக்காரர்களே அதிகம். அவர்கள் பெருவிரலை உருட்டிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். உடையப்பன் தன் மகனையே எழுதச் சொல்லிவிட்டான். அந்தப் பயல் தன்னைத் தானே உத்தமன் என்று எழுதிக்கொண்டு போனான். நான் ஐந்தாவது வரை படித்தவன். நாலெழுத்துத் தெரிந்ததால் மாட்டிக்கொண்டேன்.

ஐயா, பிச்சாயிக்கு முன்னால் எங்களுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் தங்கவில்லை. மூன்றாவது பையன் தவழ்கிற வயதில் இருந்தான். சந்தை நாளில் அவனைப் பார்த்தவர்களெல்லாம் ராசா மாதிரி இருக்கிறான் என்றார்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு ஆமாம் என்றேன். எட்டாம் நாள் அவன் இல்லை. ஆகவே இவள் பிறந்ததும் சொளகில் கிடத்தி, பக்கத்து வீட்டு அழகி கையில் கொடுத்து, இது எங்கள் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு அவளிடம் ஒரு படி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி, பிச்சையாக எடுத்த பிள்ளை என்று பிச்சாயி எனப் பேர் வைத்தோம். அன்றிலிருந்து பதினொரு வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் அவளை நல்லவள் என்று சொன்னதில்லை. காய்ச்சல் விட்டுப் பிள்ளை எழுந்து உட்கார்ந்தால், சனியன் எழுந்துவிட்டது என்றுதான் அவள் தாயார் சந்தோஷப்படுவாள். ஐந்தாவதில் முதலாவதாகத் தேறியபோது, கழுதை எப்படியோ தப்பித் தவறித் தேறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். அப்படிப்பட்டவனிடம் நோட்டைக் கொடுத்து, உன் மகளின் நல்ல குணங்களை உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடு என்றால் நான் என்ன செய்வேன்?

முதல் சனிக்கிழமை, சோம்பேறி என்று எழுதினேன். இரண்டாவது சனிக்கிழமை, பொய் சொல்கிறாள் என்று எழுதினேன். அது கன்றுக்குட்டி விலைபோகாத வாரம். மூன்றாவது, தாயாரை எதிர்த்துப் பேசுகிறாள். நான்காவது, திருடுகிறாள். அதோடு சரக்குத் தீர்ந்துபோயிற்று. அவளிடம் இல்லாத குற்றத்தை எத்தனை வாரத்துக்கு நானாகக் கண்டுபிடிப்பது? எழுதினதையே எழுதினால், பிள்ளையைக் கவனிக்காத தகப்பன் என்று தாங்கள் நினைப்பீர்களே என்று, என் மைத்துனன் பழனிச்சாமியின் குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். சீட்டாடுகிறாள். சந்தைக்குப் போனால் மூன்று நாள் கழித்து வருகிறாள். மாமனார் வீட்டில் போய் வம்பு பண்ணுகிறாள். ஒன்பதாவது வாரத்தோடு பழனிச்சாமியும் தீர்ந்தான். கடைசி இரண்டு வாரத்துக்கு வீட்டில் பாக்கி இருந்தது செவலைக் காளைதான். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகிறாள், அடுத்த கொல்லைச் சோளத்தில் வாய் வைக்கிறாள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, பிச்சாயி கையிலேயே கொடுத்தனுப்பினேன். ஒவ்வொரு வாரமும் எழுதி முடித்ததும், இந்த வாரத்துக் கண்ணேறு கழிந்தது என்று எனக்கு நல்ல தூக்கம் வரும்.

இடது பக்கத்தில் டீச்சர் இவளைப் போல் பிள்ளை கிடையாது என்று எழுத, வலது பக்கத்தில் நான் இப்படி எழுத, தாங்கள் எவ்வளவு குழம்பிப் போயிருப்பீர்கள்! பள்ளிக்கூடத்தில் நடித்துவிட்டு வீட்டில் ஆட்டம் போடுகிற பிள்ளை என்று முடிவு செய்து ஒரு முத்திரையும் போடவில்லை. அது தங்கள் குற்றமில்லை. பெற்ற தகப்பனே எழுத்து மூலமாகக் கொடுத்த வாக்குமூலத்தை நம்பாமல் என்ன செய்வீர்கள்?

தீபாவளி கழிந்த திங்கட்கிழமை ஆள் அனுப்பி வரச்சொன்னீர்கள். வந்து பார்த்தால் தங்கள் அறையில் தாங்களும் டீச்சரும், கதவோரம் பிச்சாயி, பெஞ்சில் உடையப்பன். அவன் தன் மகன் விஷயமாக வந்து உட்கார்ந்திருந்தான். உடையப்பன் நல்ல மனுஷன், கண் மட்டும் பொல்லாதது. என் கத்திரிச் செடியைப் பார்த்து நன்றாகக் காய்த்திருக்கிறதே என்றான், நாலாம் நாள் வாடிற்று. அழகி வீட்டுப் பசு எவ்வளவு கறக்கிறது என்று கேட்டான், மடி வற்றிற்று. அந்தக் கண் பெஞ்சில் இருக்கும்போது தாங்கள் நோட்டைப் பிரித்து, இதெல்லாம் உண்மையா என்று என்னைக் கேட்டீர்கள். "அம்புட்டும் நெசந்தாங்க. இன்னம் கொஞ்சம் எழுதாம விட்டுப்போச்சு" என்றேன். அப்படியானால் வெள்ளிக்கிழமை வந்து டி.சி.யை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தாங்கள் வருத்தத்தோடு சொன்னீர்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் பிள்ளையின் படிப்புப் போகும். வாயைத் திறந்து புகழ்ந்தால் பிள்ளையே போய்விடும். இரண்டுக்கும் நடுவே நின்று மேல்துண்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பிச்சாயி பேசினாள். "எல்லாம் நான் செஞ்சதுதான் சார். எங்கப்பா பொய் எழுத மாட்டாரு."

தாங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அடுத்த கொல்லைச் சோளத்துல வாய் வச்சியா?" என்று கேட்டீர்கள்.

"வச்சேன் சார்."

"கயித்தை அறுத்துக்கிட்டு ஓடுனியா?"

"ஓடுனேன் சார்."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் வரப்பில் நடந்துகொண்டே நான் எழுதியதை அவள் படித்திருக்கிறாள் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் என் மண்டையில் ஏறவில்லை. அப்பா நம்மைப் பற்றி இப்படித்தான் நினைக்கிறார் என்று படித்துவிட்டு, நோட்டை மூடி, பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒருநாளும் என்னைக் கேட்கவில்லை. உண்மையே பேச வேண்டும் என்ற விதியை அன்றைக்கு மட்டும், என் மானத்துக்காக மீறினாள்.

அப்புறம் தாங்கள் செய்த காரியத்தை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். மணி அடிக்கிற தண்டவாளத் துண்டு கழன்று தொங்குகிறது, கொஞ்சம் கட்டிவிட்டு வாருங்கள் என்று உடையப்பனை வெளியே அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு, இப்போது சொல்லுங்கள் என்றீர்கள். தரையைப் பார்த்துக்கொண்டு, "மாடுங்க" என்றேன்.

"எது மாடு?"

"சோளத்துல வாய் வச்சது."

"சீட்டாடுனது?"

"அது என் மச்சினங்க."

டீச்சரம்மா முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை பிள்ளைகள் தவறிப்போயின என்று மெதுவாகக் கேட்டார்கள். மூன்று என்றேன். தாங்கள் முத்திரையைப் பச்சை மையில் தோய்த்து, பதினொரு பக்கத்திலும் டொக்கு டொக்கென்று போட்டீர்கள். தகப்பனார் எழுதியவற்றைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளவும் என்று கடைசியில் சிவப்பு மையில் ஒரு குறிப்பும் எழுதிக் கையெழுத்திட்டீர்கள். திரும்பி வரும் வழியில் பிச்சாயி, மாமனார் வீட்டில் வம்பு பண்ணியதாக எழுதியிருந்ததே, அது மட்டும் தனக்கு விளங்கவே இல்லை என்றாள். உங்கள் மாமாதான் என்றேன். கண்மாய்க் கரை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறக்குமுன் தாங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், நோட்டில் வேண்டாம், எனக்குக் கடிதமாக எழுதுங்கள் என்றீர்கள். பத்து நாளாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். இப்போது செவந்தி கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். பிச்சாயி கொட்டிலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறாள். தெருவில் ஆளில்லை. எழுதிவிடுகிறேன்.

என் மகள் எழுப்பாமலே எழுந்திருக்கிறாள். இரண்டு மைல் நடந்து பள்ளிக்கூடம் போய், இரண்டு மைல் நடந்து திரும்பி, தாயார் வாயைத் திறக்குமுன் குடத்தை எடுக்கிறாள். சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த மிட்டாய் மூன்றில் இரண்டைத் தாளில் மடித்துக் கொண்டுவந்தாள். அழகியின் மகன் பினாங்கில் இருக்கிறான். அவன் போடுகிற கடிதங்களை அழகிக்கு இவள்தான் படித்துச் சொல்கிறாள். கஷ்டமான வரி வந்தால் கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறாள், விட்டுவிட்டுப் படிப்பதில்லை. எனக்கு அவள்மேல் ஒரு குறையும் கிடையாது. பிச்சாயி நல்ல பிள்ளை.

எழுதிவிட்டேன். மனசு லேசாக இருக்கிறது. இதை எழுத வைத்ததற்காகத் தங்களுக்கும் டீச்சரம்மாவுக்கும் நாங்கள் ஏழு ஜென்மத்துக்கும் நன்றியுள்ளவர்கள். கடிதத்தைப் பிச்சாயி கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டுவதற்குச் சோற்றுப் பருக்கை இருக்கிறது, ஒட்டவில்லை. வரப்பில் நடக்கும்போது படித்துக்கொள்ளட்டும்.

தாங்கள் தீர்க்காயுசாக இருந்து இன்னும் அநேகம் பிள்ளைகளுக்கு முத்திரை போட வேண்டும். போட்ட கை வலிக்காமல் இருக்க வேண்டும். டீச்சரம்மாவுக்குச் செவந்தியின் கும்பிடு.

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுப்படி நடக்கும்,
நல்லதம்பி

பி.கு.: கையெழுத்து மை காய்வதற்குள் பிச்சாயி கொட்டிலில் ஒரு தும்மல் தும்மினாள். பிறகு இன்னொன்று. ஐயா, மேலே எழுதியதெல்லாம் சுத்தப் பொய். அந்தக் கழுதை எழுப்பினாலும் எழுந்திருக்காது, குடத்தைத் தொடாது, மிட்டாயை வழியிலேயே தின்றுவிடும். கிணற்றடியிலிருந்து வந்த செவந்தி உப்பையும் மிளகாயையும் அள்ளிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடுகிறாள். தாங்களும் இதைப் படித்த கையோடு அடுப்பில் போட்டுவிடுங்கள். சனிக்கிழமை கொடும்பாளூர் பஸ்ஸில் அவளுக்கு ஜன்னலோரமாக ஓர் இடம் கொடுங்கள். உடையப்பன் கேட்டால், தண்டனைக்காக அங்கே உட்காரவைத்திருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.