இடியண்ணையின் வண்ணாத்திப்பூச்சிப் பூங்கா

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வண்ணாத்திப்பூச்சிகளை அதட்டி வளர்த்த ஒரே மனிதர் இடியண்ணைதான்.

இளமை முழுவதும் தவில் வாசித்தவர். ஊர் அளவெட்டி என்பதால் அது அதிசயமில்லை. அங்கே கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லெறிந்தால் அது நாதஸ்வரக்காரர் மேல் விழும், தப்பினால் தவில்காரர் மேல் விழும். ஆனால் இடியண்ணை ஒரு கோயிலில் அடித்தால் பக்கத்துக் கோயில் திருவிழாவும் அதிலேயே நடந்து முடிந்துவிடும் என்பார்கள். கடைசியில் அந்தத் தவில் அவருடைய காதையே வாங்கிவிட்டது. வாசிப்பை நிறுத்தினார். வீட்டு வளவு நிறையக் கறிவேப்பிலையும் தேசிமரமும் பூஞ்செடிகளும் நட்டார். கேற்றில், 'வண்ணாத்திப்பூச்சிப் பூங்கா. அமைதி காக்கவும்' என்று பலகை மாட்டினார்.

என் மனைவியின் பிறந்த வீடு பக்கத்து வளவு. ஓகஸ்ட் விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த நாங்கள், வந்த அன்றே பூங்கா பார்க்கப் போனோம். தேசிமரத்தடியில் கறுப்புச் செட்டையில் மஞ்சள் புள்ளி வைத்த பூச்சிகள் கூட்டமாகப் பறந்துகொண்டிருந்தன.

"என்ன வடிவு" என்றாள் மனைவி, மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பேசுவதுபோல.

"பிள்ளை, சத்தம் போடாதை" என்று இடியண்ணை முழங்கினார்.

பூச்சிகள் அத்தனையும் கூரைக்கு மேலே போய்விட்டன. மாமரத்துக் காகங்களும் போயின. வீதியில் போன ஒருவர் சைக்கிளை விட்டிறங்கி, "என்னையோ?" என்று கேட்டார்.

"பாத்தியோ, நீ கதைச்ச உடனை ஓடிட்டுதுகள்" என்றார் இடியண்ணை, மிகுந்த மனவருத்தத்துடன்.

அவருடைய மனைவி செல்லமக்கா நாள் தவறாமல் எங்கள் குசினிக்கு வருவார்.

"ஒரு நெட்டுக் கறிவேப்பிலை தா பிள்ளை. ஊருக்குள்ளை பெரிய கறிவேப்பிலைத் தோட்டக்காரி நான்தான். சொதிக்குப் போட ஒரு இலை இல்லை."

இலை ஆய விடமாட்டாராம் இடியண்ணை. "உது புழுவின்ரை சாப்பாடு. அதுகளின்ரை கோப்பையிலை நீ கை வைப்பியோ?" என்பாராம்.

அந்த விடுமுறையில்தான் அவர்களுடைய மகள் சுகந்திக்குக் கலியாணம். மாப்பிள்ளைக்கு ஊர் உடுவில். வீட்டிலேயே பந்தல். எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், ஒரு புழு மட்டும் இடம் பார்த்துக் கூடு கட்டியிருந்தால். கேற்றின் இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில், நாதாங்கிக்குக் கீழே, இரண்டிலும் நூல் பிடித்து அது தொங்கியது. கதவைத் திறந்தால் கூடு கிழியும்.

"கலியாணத்துக்கு முதல் பறந்திடும்" என்று சொல்லி இடியண்ணை கேற்றைப் பூட்டினார்.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த கிடுகு வேலியில் ஒரு பொட்டு இருந்தது. பூனை நுழையும் அளவு ஓட்டை. முதலில் அதன் வழியாகச் செல்லமக்கா வந்தார். பிறகு கதிரைகள் போயின. அடுத்து வாழைமரங்கள், பிறகு சமையல்காரரின் கிடாரம். ஒவ்வொன்றும் போகும்போது பொட்டு கொஞ்சம் வளர்ந்தது. கூடு மட்டும் அசையவில்லை.

கலியாணக் காலையில் கூட்டின் தோல் கண்ணாடியாகி, உள்ளே மடிந்திருந்த மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. அதே நேரம் மாப்பிள்ளையின் காரும் மேளத்தோடு கேற்றடிக்கு வந்து நின்றது.

மாப்பிள்ளையின் தகப்பன் இறங்கி, கேற்றைக் கையால் காட்டினார். "கேற்றைத் திறவுங்கோ சம்பந்தி. முகூர்த்தம் கிட்டுது."

"திறக்கேலாது. இதிலை ஆள் இருக்கு" என்றார் இடியண்ணை உள்ளேயிருந்து. கூட்டைக் காட்டினார். "உங்கடை மகனுக்கு வேறை வழி இருக்கு. உவருக்கு இல்லை."

சம்பந்தி கூட்டையும் பார்த்தார், எங்கள் வேலியையும் பார்த்தார். "பூனை போற பொட்டாலை என்ரை பிள்ளை வரமாட்டான். இப்ப திறக்காட்டில் காரைத் திருப்புவன்" என்று காரைக் காட்டிக் கையைச் சுற்றினார்.

மேளகாரர் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் மெல்ல அடித்தார்கள். கலியாணச் சேலையோடு சுகந்தி விறாந்தைக்கு வந்துவிட்டாள். தகப்பனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இடியண்ணை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நாதாங்கியில் கையை வைத்தார்.

"மாமா, விடுங்கோ, நான் பொட்டாலை வாறன்" என்றார் மாப்பிள்ளை, காருக்குள் இருந்தபடி. இடியண்ணைக்கு அது எங்கே கேட்கப் போகிறது? நாதாங்கி அசைந்தது.

மாப்பிள்ளை காரை விட்டுப் பாய்ந்து இறங்கினார். "மாமா, கையை எடுங்கோ."

அப்படி ஒரு சத்தத்தை அளவெட்டி அதற்கு முன் ஒருவரிடம்தான் கேட்டிருந்தது. தவில்காரர் கை அந்தரத்தில் நின்றது. இடியண்ணை நெருப்பில் பட்டதுபோலக் கையை எடுத்தார். காது போன பிறகு முதல் தடவையாக அவருக்கு ஒருவர் சொன்னது முழுவதும் கேட்டிருக்க வேண்டும். முகம் அப்படி மலர்ந்தது.

மாப்பிள்ளை எங்கள் வளவு வழியாக வந்து பொட்டில் குனிந்தார். தலைப்பாகை கிடுகில் மாட்டியது. பின்னால் வந்த தோழன் அதை எடுத்துத் தட்டி, மறுபக்கத்தில் அவர் தலையில் வைத்தான். சுகந்தி சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். சம்பந்தி கொஞ்ச நேரம் வீதியில் தனியே நின்றார். கடைசியில் அவரும் வந்தார், சால்வையை வேலிக்குக் கொடுத்துவிட்டு.

"தம்பி, நீ இதிலை நில். ஒருத்தரையும் கேற்றிலை முட்ட விடாதை" என்று என்னைக் காவலுக்கு வைத்துவிட்டு இடியண்ணை மணவறைக்கு ஓடினார். அதனால் நான் தாலிகட்டைப் பார்க்கவில்லை. கூடு பிளந்ததையும், கசங்கிய செட்டையோடு அது வெளியே வந்து கேற்றுக் கம்பியில் காய்ந்ததையும் பார்த்தேன். பந்தியில் முதல் இலை போடும் நேரத்தில் அது எழும்பி, பந்தலுக்கு மேலால் போனது. மகளுக்குப் பக்கத்தில் நின்றதால் இடியண்ணை அதைக் காணவில்லை.

இப்போதும் ஒவ்வொரு ஓகஸ்டும் நாங்கள் போய் இறங்கியதும் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்காருவார்.

"தம்பி, அண்டைக்கு அது எப்பிடிப் போனது? சொல்லு பாப்பம்."

முதல் வருடம், பந்தலுக்கு மேலால் போனது என்று அவர் காதடியில் கத்தினேன். மறு வருடம் அது மணவறைக்கு மேலே கொஞ்சம் நின்றது. போன வருடம் சுகந்தியின் தலையில் இருந்த பூவில் உட்கார்ந்துவிட்டுத்தான் போனது. சுகந்தியும் பக்கத்தில் நின்று மறுக்காமல் கேட்டாள். "ஓம், ஓம்" என்று அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

இந்த முறை அதை எங்கே உட்கார வைக்கலாம் என்று ரயிலில் யோசித்துக்கொண்டே போகிறேன்.