இருநூற்று நாற்பது பிரேம் மாப்பிள்ளை

மனிதரில் ஒரு ரகம் உண்டு. கம்ப்யூட்டரில் விளையாடுவதற்கென்றே யானை விலை கொடுத்து கிராபிக்ஸ் கார்டு வாங்குவார். விளையாட மட்டும் மாட்டார். ஓட்டிப் பார்ப்பார், அளந்து பார்ப்பார், திரையின் மூலையில் ஓடும் எண்ணைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். லேத்துப் பட்டறையில் இரும்புத்தூள் கூட்டத் தொடங்கி இன்றைக்கு மூன்று பட்டறைக்கு முதலாளி. இயந்திரத்தைப் பற்றி எனக்குப் பாடம் சொல்லும் ஆள் இன்னும் பிறக்கவில்லை. அப்படிப்பட்ட என்னையே என் மாப்பிள்ளை வாயடைக்க வைத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார்டு செங்கல் கனம். மூன்று ஃபேன். கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடங்காததால் பக்கத்து மூடியைக் கழற்றி மூலையில் சாத்திவிட்டார். வீட்டுக்கு வருகிறவர் செருப்பைக் கழற்றும் முன்பே தரிசனம் ஆரம்பம்.

"மாமா, நொடிக்கு இருநூத்தி நாப்பது பிரேம்! ஒரு நொடியில அத்தனை படம் மாறுது, பாத்தீங்களா?"

"சரி, இது என்ன ஆட்டம் மாப்பிள்ளை?"

"ஆட்டமா? அதை விடுங்க மாமா, நம்பரைப் பாருங்க!"

மூன்று மாதம் பொறுத்தாள் என் மகள். பொறுமையில் அவள் என்னைப் போல. நாலாம் மாதம் சொல்லிவிட்டாள்: "நாளைக்குச் சாயங்காலம் என்னோட ஒரு கார் ரேஸ். முழுசா ஓட்டி முடிக்கணும். பாதியில விட்டீங்கன்னா கார்டு என் தம்பிக்கு."

மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் நான்தான் நடுவர். வேறு யாருக்கு அந்தத் தகுதி? திரையை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி. சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பறந்தார். கடைசி வளைவு, என் மகள் எங்கோ பின்னால். ஜெயித்த மாதிரிதான் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். அங்கே ரோட்டில் கொஞ்சம் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

வண்டியை நிறுத்திவிட்டார்!

"மாமா, தண்ணியில பாருங்க! பின்பக்க லைட்டு அப்படியே தெரியுது. கார்டு போடற வெளிச்சக் கணக்கு மாமா, ரே டிரேசிங்!"

"யோவ் மாப்பிள்ளை, ஓட்டுய்யா!"

"ஒரு நிமிஷம். இதை ஆஃப் பண்ணிக் காட்டறேன், அப்பதான் வித்தியாசம் தெரியும்."

செட்டிங்ஸைத் திறந்தார். இதை மாற்றினால் ஆட்டம் முதலிலிருந்து தொடங்கும், சம்மதமா என்று திரை மரியாதையாகத்தான் கேட்டது. படித்தால்தானே? சம்மதம் என்று அமுக்கினார். ரேஸ் போயே போச்சு.

என் மகள் ஸ்க்ரூடிரைவரை எடுத்து நீட்டினாள்.

மாப்பிள்ளை தன் கையாலேயே கார்டைக் கழற்றி, துணியால் துடைத்து, என் மகனிடம் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. ஆட்டம் தோற்றதற்கா, மனைவியிடம் மானம் போனதற்கா? கேளுங்கள்:

"தம்பி, உன் ரூம்ல ஏசி இருக்கு, கார்டு சூடாகாது. இருநூத்தம்பது வந்தாலும் வரும். வந்தா ஒரு போன் பண்ணு."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: இதைப் படிக்க உட்கார்ந்ததும், எவ்வளவு நீளம் இருக்கிறது என்று முதலில் கீழே ஓடிப் பார்த்தீர்களே, அது யாராம்?