சர்வர் மேல் விழுந்த கண்

சர்வர் வைத்தியர் வருகிறார் என்றால் மூன்று மாடி ஆட்களும் வராந்தாவில் கூடிவிடுவார்கள். கணக்குப் பிரிவு முன்வரிசை பிடிக்கும். சம்பளப் பிரிவு, படுத்திருப்பது தன் வீட்டுப் பிள்ளை என்பதுபோல் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். நோயாளி, சர்வர் அறையில் இருந்து கம்பெனி முழுவதையும் ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர். வியாதி, மெமரி நிரம்புவது. தொண்ணூறு சதவீதம் தாண்டினால் கம்பெனியின் அத்தனை திரைகளும் நத்தையாகிவிடும்.

வைத்தியர் ஒரு நீலக் கல்லோடு தனியாக உள்ளே போவார். மற்றவர்கள் கதவுக்கு முதுகைக் காட்டி, கண்ணை மூடி நிற்க வேண்டும். மூன்று நிமிடம் எல்லாத் திரையும் செத்துக் கிடக்கும். சாகவில்லையாம், சர்வர் மூச்சை உள்ளே இழுக்கிறதாம். வைத்தியர் வெளியே வரும்போது மெமரி இருபதுக்கு இறங்கியிருக்கும். பட்டம் வாங்கிய கைகள் எல்லாம் தட்டும்.

ஐந்தே நாளில் மறுபடி தொண்ணூறு. ஏன் என்பதற்குப் போன வாரம்தான் விடை கிடைத்தது.

"அந்தம்மா நாள் பூரா அதையே உத்துப் பாத்துட்டு இருக்காங்களே, அந்தக் கண்ணுதான்" என்றார் வைத்தியர்.

அந்தம்மா என்றது கிராஃப் அக்காவை. மெமரி எவ்வளவு ஏறுகிறது என்று கிராஃபில் பார்த்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளமே. வெள்ளிக்கிழமையோடு சீட்டைக் காலி செய்யச் சொன்னார் மேனேஜர்.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் கண்ணு கொஞ்சம் பவர்ஃபுல்."

பவர்ஃபுல் கண் வேறொன்றையும் பார்த்து வைத்திருந்தது. ஒவ்வொரு வைத்தியம் முடிந்ததும், சர்வரில் ஓடும் கம்பெனி புரோகிராம் புதிதாக ஓடத் தொடங்கி ஒரு நிமிடம்தான் ஆகிறது என்று அவள் திரை காட்டும். வெள்ளிக்கிழமை வைத்தியர் வருவதற்கு முன்பே அக்கா சர்வர் அறைக்குள் போய்விட்டு, உப்பிய கைப்பையோடு வெளியே வந்தாள். பிறகு நல்ல பிள்ளையாகக் கூட்டத்தோடு முதுகைக் காட்டி நின்றாள்.

மூன்று நிமிடம் போனது. எட்டும் போனது. ஒரு திரையும் சாகவில்லை, மெமரியும் இறங்கவில்லை. உள்ளே எதையோ உருட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கதவு விரலளவு திறந்தது.

"இங்க இருந்த கீபோர்டு எங்கம்மா?"

"கல்லுக்கு எதுக்கு சார் கீபோர்டு?" என்றாள் அக்கா, கண்ணைத் திறக்காமலே.

வராந்தா மொத்தமும் திரும்பியது. வைத்தியர் கல்லைப் பார்த்தார். கல் கைவிட்டுவிட்டது.

அக்கா கதவை அகலத் திறந்து வைத்தாள். கைப்பையிலிருந்த கீபோர்டைச் செருகி, எல்லோரும் பார்க்க ஒரு வரி தட்டினாள். திரைகள் செத்தன, பிழைத்தன. மெமரி இருபது.

"நம்ம புரோகிராம் மெமரிய எடுத்துக்குது, திருப்பி விடறதில்ல. நிறுத்தித் திரும்ப ஓட்டினா காலியாகும், அவ்ளோதான். இவரும் அதத்தான் பண்ணிட்டு இருந்தாரு. புரோகிராம் எழுதினவங்க சரி பண்ணணும்னு மூணு மாசமா மெயில் போட்டுட்டு இருக்கேன். நீங்க யாரும் படிக்கல."

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "திங்கக்கிழமை வந்துடும்மா. அப்ப இந்தக் கல்லு?"

"மீன் தொட்டியில போடறது சார். எங்க வீட்டுல ஒரு கூடை இருக்கு. மீனுங்க இதுவரைக்கும் கைதட்டினதில்ல."

கூட்டம் கலைந்தது. கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் அக்காவை ஒட்டி நடந்தார்.

"அக்கா, அதுல ஒண்ணு கொண்டாங்களேன். பிரிண்டர் மக்கர் பண்ணுது."

இவரை விடுங்கள். உங்களுக்குச் சொல்கிறேன்: எவனாவது முதுகைக் காட்டி நிற்கச் சொன்னால் முதலில் திரும்பிப் பாருங்கள். கழுத்து அதற்குத்தான் இருக்கிறது. அதன் மேல் தலை இருப்பதும் ஒரு காரணத்துக்காகத்தான்.