தொடாத டாக்டரும் கடலோரக் கல்லூரியும்

கொல்லிமலையில் சாவைவிட அதிகமாக ஜனங்களைப் பயமுறுத்திய மனிதர் ஒருவர் இருந்தார். அவர் கத்தி எடுத்ததில்லை. செய்வினை வைத்ததில்லை. யாரையும் சுண்டுவிரலால்கூடத் தொட்டதில்லை. பார்ப்பார், அவ்வளவுதான். முதலில் உங்கள் விரல் நகத்தைப் பார்ப்பார், பிறகு உங்கள் முகத்தைப் பார்ப்பார். அதன்பின் மெதுவாக, "ஒருக்கா நாமக்கல் போயி நெஞ்சப் படம் புடிச்சுப் பாத்துருங்க" என்பார். கேட்டவர் வீட்டில் அன்று அடுப்பு எரியாது.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். மலையில் எல்லோரும் தொடாத டாக்டர் என்றுதான் சொன்னார்கள்.

மலைமேல் எடப்புளி நாடு என்ற ஊர்ப்பகுதியில் மரவள்ளியும் மிளகும் போட்ட குடும்பத்துப் பிள்ளை. தொண்ணூற்றேழில் தோட்டத்தில் பாதியை விற்றுவிட்டு, மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றுக்கு டாக்டர் படிக்கப் போனார். கிரிக்கெட் கற்றுக்கொள்ளப் போயிருக்கிறார் என்றுதான் பாதி ஊர் நம்பியது. ஐந்தாறு வருஷம் கழித்து வெள்ளைக் கோட்டுடன் திரும்பி வந்தார். வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று அதற்குள் விதி வந்திருந்தது. எழுதினார், தோற்றார். மறுபடி எழுதினார், மறுபடி தோற்றார். தேறும்வரை ஒரு நோயாளியையும் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே மலையில் எட்டாம் வகுப்பு தாண்டாத ஒருவர் ஒரு பையில் ஊசியை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் எல்லோருக்கும் குத்திக்கொண்டிருந்தார். அவரைக் கண்டால் ஜனங்கள் சிரித்த முகத்துடன் சட்டைக் கையை மடித்துவிட்டார்கள். படித்தவரைக் கண்டால் கையை ஒளித்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்சியை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி. அத்தா, அதாவது என் அப்பா, மலையில் மிளகு வாங்கிக் கீழே விற்பவர். பள்ளிக்கூடம் லீவு விட்டால் நானும் அவருடன் மேலே போவேன். ஒருநாள் திரும்பும்போது மூடுபனிக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் கோட்டு மட்டும் தனியாக மிதந்து வந்தது. பக்கத்தில் வந்த பிறகுதான் அதற்கு மேலே ஒரு தலை இருப்பதே தெரிந்தது. டாக்டர் பஸ்ஸில் ஏறினார். ஆண்கள் கையைத் துண்டுக்குள் விட்டார்கள். பெண்கள் முந்தானைக்குள் விட்டார்கள். ஒரு அம்மா மரவள்ளி மூட்டைக்குள்ளேயே முழங்கைவரை நுழைத்துக்கொண்டார். கண்டக்டர் விரல்களை மடக்கி, முஷ்டிக்குள்ளிருந்து டிக்கெட்டை நீட்டினார். டிரைவர்தான் பாவம். எழுபது கொண்டை ஊசி வளைவையும் நகம் தெரியத்தான் ஓட்டியாக வேண்டும்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மலைமேல் செம்மேட்டு டீக்கடைக்காரர் டம்ளரை நீட்டியபோது டாக்டர் அந்தக் கையைப் பார்த்து வழக்கமான வாசகத்தைச் சொன்னார். கடைக்காரர் சிரித்தார். மூன்றாவது வாரம் கடை பூட்டிக் கிடந்தது, அவர் போய்ச் சேர்ந்திருந்தார். மரவள்ளிக் காட்டில் வேலை செய்த ஒரு பெண்ணிடமும் அதே வாசகத்தைச் சொன்னார். அவள் அன்றைக்கே கீழே இறங்கி, மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டு கன்னம் சிவக்கத் திரும்பி வந்தாள். அதை ஒருவரும் பேசவில்லை. பிழைத்தவர்களைப் பற்றி எங்கேயும் கதை கட்டுவதில்லை.

இது போதாதென்று மனிதர் நடந்துகொண்டே படிப்பார். உச்சி வேளையிலும் விலகாத பனியில், ஆள் தெரியாமல் குரல் மட்டும் வரும். "ஸ்கஃபாய்டு... லூனேட்... ட்ரைக்வெட்ரம்... பிஸிஃபார்ம்..." எல்லாம் மணிக்கட்டு எலும்புகளின் பெயர்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஒரு பூசாரி அவர் வீட்டு வாசலில் சேவல் ஒன்றைக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார். டாக்டர் அதைக் கட்டு அவிழ்த்துக் கொண்டுபோய் அவரிடமே கொடுத்தார். கொடுக்கும்போது பூசாரியின் நகத்தைப் பார்த்துவிட்டார். பூசாரி ஒரு வாரம் படுத்துவிட்டார்.

இரண்டாயிரத்து நாலில் எனக்கு ஒன்றரை மார்க்கில் மருத்துவ சீட்டு தவறியது. ஒரே வாரத்தில் டை கட்டிய ஏஜென்ட் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்து பளபளப்பான புத்தகம் ஒன்றை விரித்தார். நீலக்கடல், அதன் கரையில் வெள்ளைக் கட்டடம், அதன் முன்னால் தென்னை. பக்கத்துக்குப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.

"பொண்ணு டாக்டரா திரும்பி வருவாங்க பாய். பாஸ்போர்ட் எடுத்தீங்கன்னா பாதி டாக்டர் ஆன மாதிரி" என்றார்.

அத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. என் முகமும்தான். அம்மா மட்டும் கதவோரம் நின்று, "ஏனுங்க, கடலுக்கு அந்தப் பக்கம் புள்ளையத் தனியா அனுப்பிப்போட்டு, நான் எந்தப் பக்கம் பாத்து உக்கார்றது?" என்றாள்.

இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சில்லை. மூன்றாம் நாள் அத்தா, "போய்ட்டு வந்தவங்கிட்டயே கேட்டுப்போடுவோம்" என்றார்.

அம்மாவுக்கு யார் என்று புரிந்துவிட்டது. "அந்தத் தம்பிகிட்டயா? கையில துண்டச் சுத்திக்கிட்டுப் போங்க" என்றாள்.

அத்தா உண்மையாகவே சுற்றிக்கொண்டார். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது காலை பதினோரு மணி. பனி அப்படி இறங்கியிருந்தது. முன்னால் போன அத்தாவின் முதுகு நாலு எட்டில் காணாமல் போனது. செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் பின்தொடர்ந்தேன். திடீரென்று இடது பக்கம், "ஸ்கஃபாய்டு... லூனேட்..." என்று கேட்டது. அடுத்த எலும்பு வலது பக்கம் கேட்டது. அத்தா நின்றுவிட்டார். அவர் பிஸ்மில்லா சொல்வது எனக்குக் கேட்டது.

"வாங்க பாய். ஊடு இந்தப் பக்கமுங்க" என்றது குரல், எங்களுக்குப் பின்னாலிருந்து.

சின்ன ஓட்டு வீடு. சன்னல் திட்டில் ஒரு மண்டையோடு குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு டாக்டரின் அம்மா, பலாச்சுளைத் தட்டை வைத்தபடி சொன்னார்: "பிளாஸ்டிக்குன்னு சொல்றான் கண்ணு. இருந்தாலும் குளிருமில்ல? ராவு செவுத்தப் பாத்துத்தான் வெக்கறேன். விடிஞ்சா ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்குது."

"காத்துல திரும்புதும்மா" என்றார் டாக்டர்.

"சன்னல் சாத்தித்தான சாமி இருக்குது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார். 

அத்தா விஷயத்தைச் சொன்னார். டாக்டர் என் பக்கம் திரும்பினார். பக்கத்தில் பார்த்தால் முப்பது வயதுகூட ஆகாத முகம்.

"படிச்ச படிப்பு பொய்யில்ல பாப்பா. என்கூட வந்தவன் ஒருத்தன் அமெரிக்காவுல பெரிய ஆஸ்பத்திரில இருக்கறான். அவனுக்கு அது நல்ல வழி. இன்னொருத்தன் அந்தத் தீவுலயே ஓட்டல் வெச்சுட்டான். ஒருத்தன் எங்க இருக்கான்னே தெரியல. நான் மரவள்ளி புடுங்கறேன். நாலு பேரும் ஒரே பெஞ்சு."

"உங்க காலேஜ் நல்ல காலேஜுங்களா?" என்று கேட்டேன்.

"ஒருநா காலையில கிளாசுக்குப் போனோம். கதவு தெறந்திருக்குது. ஃபேன் சுத்துது. மேசமேல பாதி குடிச்ச காப்பி, தொட்டுப் பாத்தா சூடு இருக்குது. போர்டுல இதயம் பாதி வரைஞ்சிருக்குது. வாத்தியாரு இல்ல. ஆபீசுல ஆள் இல்ல. கேட்டுல காவக்காரன் இல்ல. காலேஜ் மூடிட்டாங்கன்னு யாருக்கும் சொல்ல வாய் வரல. பதினோரு நாள் நாங்க பாட்டுக்கு டயத்துக்குப் போயி, அந்தப் பாதி இதயத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம் பாப்பா."

 அதன்பிறகு இன்னொரு நாட்டில் வேறு கல்லூரியில் இடம் பிடித்து, அங்கே ஆஸ்பத்திரியில் வேலை பழகி, பட்டம் வாங்கியதைச் சொன்னார். "அங்க ஒரு பிரசவம் பாத்தேன். கொழந்த இந்தக் கையிலதான் வந்து விழுந்துச்சு. அதுக்காவ இன்னொரு தடவகூடப் போவேன்" என்றார். சொல்லிவிட்டுத் தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தா ஏஜென்ட் கொடுத்த புத்தகத்தை நீட்டினார். டாக்டர் புரட்டினார். "நீச்சல் குளம் இருக்குது. வாலிபால் இருக்குது. ஆஸ்பத்திரி எங்கீங்க பாய்?"

நாங்களும் தேடினோம். கடைசி அட்டைவரை ஒரு நோயாளி இல்லை.

"அங்க படிச்சவங்க இங்க வந்து பரீட்சையில தேறியிருக்காங்களா? அவங்க பேரக் கேளுங்க. அந்தப் பட்டத்த நம்ம கவர்மென்ட்டு ஒத்துக்குதான்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. இதெல்லாம் சரியா இருந்தா தைரியமா அனுப்பலாம்..." பேசிக்கொண்டே முதல் பக்கத்துக்குத் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

எழுந்து உள்ளே போய் ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார். போட்டோவில் காரை பெயர்ந்த மஞ்சள் கட்டடம். முன்னால் நாலு பையன்கள். பின்னால் நடுவில் முறிந்து வளைந்து மறுபடி நிமிர்ந்த ஒரு தென்னை. புத்தகத்தில் வெள்ளைக் கட்டடம், வேறு பெயர்ப் பலகை. தென்னை அதே தென்னை.

"மேல மூணாவது சன்னல்" என்றார். "நான் அங்கதான் உக்காந்திருந்தேன்."

 அத்தாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்ற புள்ளைய இங்கயா கூப்புட்டான் அவன்?" என்று புத்தகத்தை விரலால் குத்தினார். துண்டு நழுவி விழுந்தது அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரின் பார்வை புத்தகத்திலிருந்து விரலுக்குப் போனது. விரலிலிருந்து முகத்துக்கு வந்தது.

"பாய், ரெண்டு கையையும் காட்டுங்க. தொட மாட்டேன்."

அத்தா காட்டினார். நகங்களுக்கு அடியில் மெல்லிசாகச் சிவப்புக் கோடுகள், முள் ஏறியது போல.

"மிளகு மூட்டைல சணல் குத்தியிருக்குமுங்க தம்பி."

"எல்லா வெரல்லயுமா குத்தும்? சாயங்காலத்துல காய்ச்சல் வருதுங்களா?"

அத்தா என்னைப் பார்த்தார். அதை அவர் அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

"ரெண்டு மாசத்துக்குள்ள பல்லு புடுங்குனீங்களா?"

அத்தாவுக்கு வேர்த்துவிட்டது. அந்தக் குளிரில். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார்.

"சேலம் போயிருங்க. நாளைக்கே. இதயத்தப் பாக்கச் சொல்லுங்க."

 இறங்கும் பஸ்ஸில், எழுபதாவது வளைவில் அத்தா, "போக வேண்டாம் கண்ணு. போனாத்தான் சொன்னது பலிக்கும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. போகாத டீக்கடைக்காரரைச் சொன்னேன், போய்வந்த மரவள்ளிக் காட்டுப் பெண்ணைச் சொன்னேன். கேட்கவில்லை. வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பையில் துணி எடுத்து வைத்தாள். விடிந்ததும் மூன்று பேரும் சேலம் பஸ்ஸில் இருந்தோம்.

சேலத்து டாக்டர் பரிசோதித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "யாரு அனுப்புனது?"

"ஒரு டாக்டருங்க. ஆனா டாக்டர் இல்லீங்க" என்றார் அத்தா.

"நெஞ்சுல ஸ்டெத் வெச்சுக் கேட்டாரா?"

"அவரு தொட மாட்டாருங்க."

சேலத்து டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பல் பிடுங்கிய இடத்தின் வழியாகக் கிருமி ரத்தத்தில் கலந்து இதய வால்வில் போய் உட்கார்ந்திருக்கிறது என்றார். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தீங்கன்னா" என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஆறு வாரம் ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அத்தா ஏஜென்டுக்குப் போன் போட்டுக் கேட்டது ஒரே கேள்வி: "அந்தத் தென்னமரம் எப்பிடிங்க ஒடிஞ்சுது?" அந்த ஆள் அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நான் டாக்டராகவில்லை. நாமக்கல்லில் வேறு படிப்பு படித்தேன், இப்போது பத்திரிகைக்கு எழுதுகிறேன். கையெழுத்து மட்டும் டாக்டர் கையெழுத்து.

அடுத்த வருஷம் ஒருநாள் அவர் எங்கள் மிளகுக் கடை வாசலில் வந்து நின்று, "பாய், பாஸாயிட்டனுங்க" என்றார். எத்தனையாவது தடவை என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. செம்மேட்டில் ஒரு அறை பிடித்து போர்டு மாட்டினார். மூன்று நாள் ஒரு ஈ காக்கா உள்ளே போகவில்லை. ஜனங்கள் அந்த வாசலுக்கு எதிர்ப்பக்கமாகவே நடந்தார்கள்.

நாலாம் நாள் அத்தா என்னைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். நேரே உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன பண்ணுதுங்க பாய்?"

"ஒண்ணும் பண்ணலீங்க தம்பி. நாடி பாருங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அத்தாவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு, மூன்று ஆனது. பிடித்த கை விடவில்லை, கடிகாரத்திலிருந்து கண்ணும் எடுக்கவில்லை.

"எத்தனைங்க தம்பி?" என்றார் அத்தா.

"எண்ண மறந்துட்டனுங்க பாய்."

வெளியே சன்னலில் ஏழெட்டுத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. பாய் எழுந்து உயிரோடு நடந்து வெளியே வந்ததும், மூட்டு வலிக்காரர் ஒருவர் மெதுவாக உள்ளே போனார்.

அதன்பிறகு அத்தா ஐந்து வருஷம் இருந்தார். அடக்கம் நடந்த அன்று டாக்டர் முதல் பஸ்ஸிலேயே இறங்கி வந்து, கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். சாயங்காலம் அவரை மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். மலையில் பாதிக்கு மேல் மேகம் மூடியிருந்தது. பஸ்ஸின் விளக்கு ஒவ்வொரு வளைவாக ஏறிப்போய் மேகத்துக்குள் மறைந்தது. அம்மா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணச் சொன்னியா கண்ணு?" என்றாள். "அந்தப் புள்ள பனிக்குள்ள தனியாப் போகுது."