கண்ணை மூடும் கலை

சக்கரத்துக்குப் பிறகு மனித குலம் கண்ட மகத்தான முன்னேற்றம், சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் குடிநீர் அலுவலகத்தில் நடந்த 'கற்பனைக் காட்சி வழி மன அமைதிப் பயிற்சி'தான். வராதவர்களுக்கு மெமோ கொடுக்கப்படும் என்று சுற்றறிக்கையே சொன்னது. மன அமைதியில் மேலிடத்துக்கு அவ்வளவு அக்கறை. அறிக்கை எழுதும் பொறுப்பு தலைமை எழுத்தரான எனக்கு.

புகார்த் தொலைபேசியைக் கவனிக்கும் அக்கா மட்டும் மேலாளர் மேசை முன்னால் நின்றார்.

"உங்க லீவு வியாழக்கிழமைக்கு. இன்னிக்குச் செவ்வாய்."

"பாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் இன்னிக்குப் பதினொன்னரைக்கேன்னு இப்பதான் சார் போன் வந்துச்சு. அப்பா கூடத்தான் இருக்கா. ஆனா கட்டுப் போடறதுக்கு முன்னாடி என் மொகத்தைப் பாக்கணும்னு அழறாளாம்."

"ரொம்ப டென்ஷனா இருக்கீங்கம்மா. உங்களுக்குத்தான் இந்தப் பயிற்சி முக்கியமா வேணும். முன் வரிசையில உக்காருங்க."

இந்தப் பரிவை அறிக்கையில் முதல் பத்தியாகவே சேர்த்தேன்.

பத்தரைக்குப் பயிற்சியாளர் தொடங்கினார். "கண்ணை மூடுங்க. எதிரே ஓர் அருவி. தண்ணி கொட்டிக்கிட்டே இருக்கு."

"எந்த லைன்ல சார்?" என்றார் மீட்டர் கணக்கெடுப்பவர்.

"பேசாம மூடுய்யா" என்றார் மேலாளர்.

வெளியே புகார்த் தொலைபேசி விடாமல் அடித்தது. மூன்று நாளாகத் தண்ணீர் வராத தெருக்காரர்கள். "தூரத்துல இனிமையா ஒரு மணியோசை" என்று பயிற்சியாளர் அதையும் சேர்த்துக்கொண்டார்.

"மொத்த ஆபீசும் இவ்ளோ சீக்கிரம் கண்ணை மூடி நான் பாத்ததே இல்ல சார்."

"இருபது வருஷ அனுபவம்" என்றார் மேலாளர், அடக்கமாக.

"முன் வரிசை அம்மா, உங்களுக்கு என்ன தெரியுது?"

"கடிகாரம்."

"கண்ணை மூடிட்டுப் பாருங்க."

"மூடினாலும் அதான் சார் தெரியுது."

"கவலைப்படாதீங்க, அருவி வரும்" என்று தைரியம் சொல்லிவிட்டுப் பயிற்சியாளரும் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது ஈரத்துணியுடன் துப்புரவு அம்மா உள்ளே வந்தார். பயிற்சிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. பயிற்சியாளரின் கைபேசியில் ஓடிய அருவிச் சத்தத்துக்கு நடுவே அவருடைய குரல் என் காதில் விழுந்தது.

"ஏன் தாயி அழுவற?"

அக்கா சொன்னார்.

"எந்திரிச்சுப் போ. கீழ எங்க வீட்டுக்காரர் வண்டியோட நிக்கறாரு, நான் சொன்னேன்னு சொல்லு. உன் நாற்காலியில நான் உக்காந்துக்கறேன்."

"தலை எண்ணுனா?"

"எண்ணறதுக்கு எவனாவது கண்ணைத் தொறக்கணுமே."

நாற்காலி ஒரு முறை கிரீச்சிட்டது. செருப்புச் சத்தம் படியிறங்கி ஓடியது.

பன்னிரண்டு மணிக்குக் கண் திறந்தோம். முன் வரிசையில் துப்புரவு அம்மா, மடியில் ஈரத்துணியோடு.

"நீங்க என்ன பாத்தீங்க?" என்றார் பயிற்சியாளர்.

"நான் கண்ணை மூடலீங்களே, சாமி."

'பயன் பெறாதவர் ஒருவர்' என்று எழுதச் சொன்னார் மேலாளர். எழுதினேன். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாளாம். அது அறிக்கைக்குத் தேவைப்படாத தகவல்.

நேற்றுச் சான்றிதழ்கள் வந்தன. 'எந்தச் சூழ்நிலையிலும் கலங்காமல் கண்ணை மூடிக்கொள்ளும் திறன் பெற்றவர்' என்று அழகாக அச்சிட்டிருக்கிறார்கள். அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, முதல் வகுப்பு.