பயனாளி: ஏற்பி, விலாசம்: பூங்கனி

அரசாங்கம் மருந்து கொடுத்தால் அது உரிய ஆளிடம் போய்ச் சேர வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. குலசேகரத்தில் எங்களுக்கும் இருந்ததில்லை, பூங்கனிக்கு மார்பில் கட்டி வருகிறவரை.

பூங்கனி ரப்பர் பால் வெட்டுகிறவள். கட்டியில் ஒரு துளி எடுத்துச் சோதித்துவிட்டு டாக்டர் ரெஜிலா அவளுக்கும் அவள் கணவர் ஜான்ரோஸுக்கும் விளங்கும்படி சொன்னார்.

"அக்கா, நம்ம செல்லுக்கு மேல ஏற்பின்னு ஒரு புரதம் உண்டு. வெளியிலயிருந்து வாற சேதிய வாங்கி உள்ள சொல்லும். எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். உங்க கட்டியில மிதமிஞ்சி இருக்கு, அதான் வேகமா வளருது. அந்த ஏற்பியைத் தேடிப்போய் அதுமேலேயே உட்காருற ஊசிமருந்து உண்டு. காப்பீட்டுல கிடைக்கும். மூணு வாரத்துக்குள்ள தொடங்கணும், கேட்டீங்களா?"

இரண்டு பேரும் காகிதத்தோடு காப்பீட்டு அலுவலகத்தின் பயனாளி அடையாள உறுதிப் பிரிவுக்குப் போனார்கள். அங்கே தேவகுமார் சார். கைநீட்டி ஒரு சாயா வாங்கிக் குடிக்காத மனிதர். அதுதான் பெரிய சங்கடம்; அவரிடம் விதியைத் தவிர வேறு எதுவும் செல்லாது.

"மருந்து எங்க போய் உட்காரும்?"

"ஏற்பியிலயாக்கும் சாரே," என்றார் ஜான்ரோஸ்.

"அப்போ பயனாளி யாரு?"

"நான்தான்," என்றாள் பூங்கனி.

"எப்படிம்மா? மருந்து ஏற்பிக்கு. நீங்க ஏற்பி குடியிருக்கிற விலாசம். விலாசத்துக்கு மருந்து வழங்க விதியில்லை. ஏற்பி பேருல விண்ணப்பம் கொண்டு வாங்க. இருப்பிடச் சான்று, புகைப்படம் ரெண்டு."

"கண்ணுல காணாத சாதனமில்லியா சாரே அது?"

"காணாததுக்கு எதுக்கும்மா மருந்து கேக்கிறீங்க?"

ஜான்ரோஸ் ஓடிப்போய்ப் பரிசோதனைக் கூடத்தில் ஏற்பியின் படம் வாங்கி வந்தார். பழுப்புச் சாயத்தில் வளையம் வளையமாக நல்ல தெளிவான படம். தேவகுமார் சார் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பின்னணி வெள்ளை. அது சரி. ரெண்டு காதும் தெரியலையே."

இதற்குள் சேதி ஊரெல்லாம் பரவிவிட்டது. ஏற்பி இருந்தால் அரசாங்கம் ஏதோ தருகிறதாம். பேனர் கடை முருகதாஸ் ஒரே ராத்திரியில் 'ஏற்பி உடையோர் நலச் சங்கம்' தொடங்கினான். பேனரில் அவன் படம். அதில் இரண்டு காதும் தெரிந்தன.

"எல்லாருக்கும் இருக்குன்னு டாக்டரே சொல்லியாச்சு. இருக்கவனுக்கு ஒண்ணும் இல்லேன்னா இது என்ன நியாயம்?" என்று சந்தையில் முழங்கினான்.

கல்யாணத் தரகர் ஆன்ட்ரூஸ் பெண்களின் விவரத் தாளில் ஒரு வரி சேர்த்தார்: 'நர்சிங் படிப்பு, சபை அங்கத்தினர், ஏற்பி உண்டு.' மாப்பிள்ளை வீட்டார், "கொஞ்சமா, மிதமிஞ்சியா?" என்று விசாரித்தார்கள். மிதமிஞ்சி என்றால் மரியாதை கூடுதல்.

அலுவலகத்தில் வரிசை ரோடுவரை நின்றது. யாருக்கும் நோய் இல்லை, எல்லாருக்கும் விண்ணப்பம் இருந்தது. பூங்கனிக்குக் கிடைத்த டோக்கன் இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று வாரத்தில் மிச்சம் இரண்டே நாள்.

பூங்கனி வரிசையை விட்டு நேரே மேசைக்குப் போனாள்.

"சாரே, பச்சப்பிள்ளைக்கு மருந்து வேணும்னா யாரு கையொப்பம் போடணும்?"

"பாதுகாவலர்."

"படம்?"

"பாதுகாவலர் படம் போதும்."

"எனக்க கட்டிக்கு எட்டு மாசமாச்சு. அதுல இருக்க ஏற்பிக்கு என்ன வயசிருக்கும்?"

தேவகுமார் சார் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் அப்படி மலர்ந்து நாங்கள் பார்த்ததே இல்லை.

"மைனர்! இதை முதல்லயே சொல்லப்படாதாம்மா? உங்களை வீணா அலைய விட்டேனே."

அன்றைக்கே முத்திரை விழுந்தது. மறுநாள் முதல் ஊசி.

ஒரு வருஷம் ஊசியும் அறுவையுமாகக் கழிந்தது. கட்டி இல்லை, மிதமிஞ்சிய ஏற்பியும் இல்லை என்று டாக்டர் ரெஜிலா சொன்ன ஞாயிற்றுக்கிழமை, ஜான்ரோஸ் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். இறைச்சிக் கறியும் பாயசமும் மணக்க, ஊர் முழுக்கப் பந்தியில் இருந்தோம்.

அப்போது தேவகுமார் சார் தலை குனிந்து வந்தார். கையில் ஒரு கோப்பு.

"பயனாளி காலமானதாகத் தகவல். அலுவலகத்தின் ஆழ்ந்த அனுதாபம். மைனர் பயனாளி இறந்தா பாதுகாவலருக்கு ஈமச்சடங்கு உதவி உண்டும்மா. ஒரு இறப்புச் சான்று மட்டும் வேணும்."

பூங்கனிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்தது. "எனக்கு அந்த உதவி வேண்டாம் சாரே. அது செத்ததுக்காக்கும் இந்த விருந்து. இருந்து சாப்பிடுங்க."

பந்தியில் வேறு யாரும் சிரிக்கவில்லை. முருகதாஸ் கையிலிருந்த சோற்று உருண்டையை இலையில் வைத்தான்.

"சாரே, அந்த உதவி சங்க உறுப்பினர்களுக்கும் உண்டா?"

"ஏற்பி இறந்திருந்தா உண்டு."

மறுநாள் காலை ஆறரைக்கே நான் அலுவலகத்துக்குப் போய்விட்டேன். எனக்கு முன்னால் நாற்பத்தாறு பேர், எல்லாரும் தாங்க முடியாத துக்கத்தில். முன்னால் நின்ற ஆன்ட்ரூஸ் என் தோளைத் தொட்டார்.

"உங்களுக்க ஏற்பிக்கு என்ன வயசிருக்கும் அண்ணாச்சி?"

"எழுபத்திரெண்டு," என்றேன்.

"போட்டும், விடுங்க," என்றார். "ஆண்டு அனுபவிச்சுத்தானே போச்சு."